தறியும் அரசாணையும்

நுழையும்முன்

நூலின் விலை, மின்கட்டணம், துணிக்கு வரி என்பவை பொருளாதாரச் செய்திகள். தேர்தல், வாக்குறுதி, வேலைநிறுத்தம் என்பவை அரசியல் செய்திகள். நாளிதழ்களில் இவை தனித்தனிப் பக்கங்களில் அச்சாகின்றன. நெசவாளரின் வீட்டிலோ இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. அரசியல் பொருளாதார முடிவுகளை எவ்வாறு வடிவமைக்கிறது, அம்முடிவுகள் மீண்டும் அரசியலை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைத் தென்தமிழ்நாட்டின் ஒரு நெசவு வட்டாரத்தின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் ஆடையும் நான்கு முடிவுகளும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய இராசபாளையம் வட்டத்தில் உள்ளது தளவாய்புரம். இவ்வூரிலும் அண்டையிலுள்ள செட்டியார்பட்டி, முகவூர் ஆகிய ஊர்களிலும் விசைத்தறியின் ஓசையும் தையல் பொறியின் ஓசையும் அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டன. பெண்கள் அணியும் நைட்டியும் உள்பாவாடையும் இங்கிருந்து பல ஊர்ச் சந்தைகளுக்குச் செல்கின்றன. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. இராசபாளையம் நூற்பாலைகளின் நகரம், பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டு இராசபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

தளவாய்புரத்தில் தைக்கப்படும் ஒரு நைட்டியின் விலையை முடிவு செய்பவர் யார்? தைத்தவரும் அல்லர், விற்பவரும் முழுமையாக அல்லர். பஞ்சை இறக்குமதி செய்தால் எவ்வளவு வரி என்பதை நடுவண் நிதியமைச்சகம் முடிவு செய்கிறது. தறிக்கு வரும் மின்சாரத்தில் எவ்வளவு இலவசம் என்பதைத் தமிழ்நாடு அரசு முடிவு செய்கிறது. துணிக்கும் ஆடைக்கும் உரிய வரி, சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தில் முடிவாகிறது. தறி வாங்கப் பெற்ற கடனின் வட்டி, இந்திய ரிசர்வ் வங்கியின் வட்டிக் கொள்கையைத் தழுவி ஏறி இறங்குகிறது. இந்நான்கு முடிவுகளுள் ஒன்றுகூடத் தளவாய்புரத்தில் எடுக்கப்படுவதில்லை. எனினும் முதல் மூன்றையும் எடுப்பவர்கள் தேர்தலில் வென்று வந்தவர்கள். மீண்டும் வெல்ல வேண்டியவர்கள். ரிசர்வ் வங்கி மட்டுமே வாக்குக் கேட்டு எவர் வீட்டுக்கும் வருவதில்லை. அதனால்தான் வட்டி உயர்வை எதிர்த்து நடக்கும் ஊர்வலங்களைவிட மின்கட்டண உயர்வை எதிர்த்து நடக்கும் ஊர்வலங்கள் மிகுதியாக உள்ளன போலும்.

அரிசி கவிழ்த்த ஆட்சிகள்

பொருளாதாரம் அரசியலை மாற்றும் என்பதற்கு இம்மாவட்டத்தின் வரலாறே இரு சான்றுகளை வைத்திருக்கிறது. இராசபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை தாங்கினார். அவை உணவுத் தட்டுப்பாடும் பங்கீட்டுக் கட்டுப்பாடும் மக்களை வருத்திய ஆண்டுகள். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் தம் சொந்த வட்டாரத்திலேயே தோற்றார். அடுத்து முதலமைச்சரான இராஜாஜி பதவியேற்ற சில மாதங்களுக்குள், 1952 ஜூனில், உணவுப் பங்கீட்டை நீக்கினார். ஒரு பொருளாதாரக் கொள்கை வாக்குச்சாவடியில் தோற்றது. அத்தோல்வியே அடுத்த கொள்கைக்கு வழி திறந்தது.

இரண்டாம் சான்று இன்னும் பரவலாக அறியப்பட்டது. 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் நாடெங்கும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கி நாடு காத்திருந்தது. வெளிநாட்டு உதவி தொடர வேண்டுமாயின் ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்னும் நெருக்கடி எழுந்தது. 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்த மதிப்பு 7 ரூபாய் 50 காசாக மாற்றப்பட்டது. காங்கிரசுத் தலைவராக இருந்த காமராசர் இம்முடிவை ஏற்கவில்லை. ஆயினும் விலைவாசிக்கு விடைசொல்லும் பொறுப்பு அவர் கட்சியையே சேர்ந்தது. தமிழ்நாட்டில் மொழிப் போராட்டத்தின் சினமும் அரிசித் தட்டுப்பாடும் ஒன்றுசேர்ந்தன. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில், தாம் பிறந்த விருதுநகரில், ஒரு மாணவர் தலைவரிடம் 1285 வாக்குகள் வேறுபாட்டில் காமராசர் தோற்றார்.

ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலக்கு, ஒரு படி உறுதி என்று சொல்லித் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. அண்ணா தலைமையிலான அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கியது. மாநிலம் முழுவதும் அதனை விரிக்க நிதிநிலை இடந்தரவில்லை. பொருளாதார நெருக்கடி அரசியல் மாற்றத்தைத் தந்தது. புதிய அரசியல் ஒரு பொருளாதாரத் திட்டத்தைத் தந்தது. கருவூலத்தின் அளவு அத்திட்டத்தின் எல்லையை வரைந்தது. இந்த மூன்றாம் படிநிலையைத் தேர்தல் மேடைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

கைத்தறியைக் காத்தபோது வளர்ந்த விசைத்தறி

அரிசிக்கு அடுத்து அரசுகளை அசைத்த பொருள் துணி. 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணிகள் விலைபோகாமல் தேங்கின. ஆலைத்துணியின் போட்டியால் நெசவாளர் குடும்பங்கள் பசியில் வாடின. வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று முதலமைச்சர் இராஜாஜி நடுவண் அரசை வலியுறுத்தினார். எதிரணியில் இருந்த அண்ணா 1953இல் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். கொள்கையில் எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரும் நெசவாளர் பக்கம் நின்றமைக்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. உழவுக்கு அடுத்து மிகுதியான மக்களைக் கொண்ட தொழில் அது என்பதையும் இருவரும் அறிந்திருந்தனர்.

நடுவண் அரசு முழுக் கோரிக்கையை ஏற்காமல் இடைவழி ஒன்றைத் தேர்ந்தது. ஆலைகள் நெய்யும் வேட்டியின் அளவுக்கு வரம்பு விதித்தது. ஆலைத்துணிக்குக் கெசத்துக்கு மூன்று பை வீதம் கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிட 1953இல் சட்டம் இயற்றியது.

இதன் விளைவு எவரும் திட்டமிடாதது. ஆலைக்குக் கட்டு, கைத்தறிக்குக் காப்பு என்ற இரண்டுக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. அதனுள் நுழைந்தது விசைத்தறி. அது ஆலையைப் போல விரைவாக நெய்தது. கைத்தறியைப் போலச் சிறு வீட்டிலும் நின்றது. கைத்தறிக்குத் தரும் சலுகை விலைச் சிட்டா நூலும் பல இடங்களில் விசைத்தறிக்குள் சென்றது. 1985இல் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி 22 வகைத் துணிகள் கைத்தறிக்கே உரியவை என்று அறிவிக்கப்பட்டன. விசைத்தறியாளர்கள் நீதிமன்றம் சென்றனர். உச்ச நீதிமன்றம் 1993இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் 1996இல் பட்டியல் 11 வகையாகச் சுருங்கியது. சட்டம் நீதிமன்றத்தில் வென்றும் பட்டியல் பாதியாகக் குறைந்ததேன்? அதற்குள் விசைத்தறியை நம்பி வாழ்வோர் தொகை பெருகிவிட்டது, அவர்களும் வாக்காளர்களே. இன்று இந்தியாவில் நெய்யப்படும் துணியில் பாதிக்கு மேல் விசைத்தறியில் உருவாகிறது.

அரசே பெரும் கொள்முதலாளராக மாறியதும் இக்கதையின் ஒரு பகுதி. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய விலையில்லா வேட்டி, சேலைத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்குப் பொங்கல் ஆடையாகவும் கூட்டுறவுச் சங்க நெசவாளர்களுக்கு வேலையாகவும் ஒரே செலவில் இரு பயன் தந்தது. அதன்பின் ஆட்சிகள் பலமுறை மாறியும் அத்திட்டம் தொடர்கிறது.

மின்கட்டணச் சீட்டு

தறிக்காரர் ஒருவர் அரசின் கொள்கையை நேரடியாகக் காணும் இடம் மின்கட்டணச் சீட்டு. 2006இல் திராவிட முன்னேற்றக் கழக அரசு விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 500 யூனிட் மின்சாரத்தை விலையின்றி வழங்கியது. 2016இல் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழக அரசு அதனை 750 ஆக உயர்த்தியது. 2023 மார்ச்சில் திராவிட முன்னேற்றக் கழக அரசு 1000 ஆக்கியது. கைத்தறிக்கான அளவும் 100, 200, 300 என்று உடன் ஏறியது. பதினேழு ஆண்டுகளில் இரு கட்சிகள் ஆண்டன. அளவு ஒருமுறையும் குறையவில்லை. ஒரு சலுகையைக் கொடுப்பதற்கு ஒரு தேர்தல் போதும். திரும்பப் பெறுவதற்கு எந்தத் தேர்தலும் ஏற்ற காலமாக அமைவதில்லை.

இந்த 1000 யூனிட் எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் யூனிட் செலவாகும். அத்தகைய இரண்டு தறிகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், இரு மாதங்களில் ஐம்பது நாள் ஓடினால் 900 யூனிட் ஆகும். ஆகவே இரண்டு தறி வைத்துத் தாமே நெய்யும் குடும்பத்துக்கு மின்கட்டணம் ஏறத்தாழ இல்லாமலே போகிறது. இருபது தறி வைத்திருப்பவருக்கு ஒரே இணைப்பில் அதே 1000 யூனிட் கட்டணத்தின் ஒரு சிறு பகுதியை மட்டுமே குறைக்கும். சிறியவருக்குப் பெரும்பயனும் பெரியவருக்குச் சிறுபயனும் தரும் இவ்வமைப்பைக் குறைசொல்ல இடமில்லை. அதன் செலவை யார் ஏற்கிறார் என்பதே வினா.

மின்சாரச் சட்டம், 2003இன் 65ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. ஒரு பிரிவினருக்கு மாநில அரசு சலுகை தர விரும்பினால், அத்தொகையை மின் நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். கட்டணத்தை வரையறுப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆனால் சட்டத்தின் எழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையே அரசியல் நிற்கிறது. 2014 டிசம்பருக்குப் பின் 2022 செப்டம்பர் வரை பொதுக் கட்டண உயர்வே நிகழவில்லை. இடையில் இரு சட்டமன்றத் தேர்தல்களும் ஒரு நாடாளுமன்றத் தேர்தலும் கடந்தன. மின் நிறுவனத்தின் கடன் ஆண்டுதோறும் ஏறியது. மாநிலங்கள் கூடுதலாகக் கடன் பெற வேண்டுமாயின் மின்துறையைச் சீர்திருத்த வேண்டும் என்று நடுவண் அரசு 2021ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நிபந்தனை வைத்தது. 2022 செப்டம்பர் 10 அன்று கட்டணம் உயர்ந்தது. கொங்கு மண்டலத்தில் விசைத்தறியாளர்கள் போராடினர். ஆறு மாதங்களுக்குள் இலவச அளவு 1000 யூனிட் ஆயிற்று. எட்டாண்டுகள் தள்ளிப்போட்ட சுமை ஒரே நாளில் விழுந்தது. அதன் ஒரு பங்கை அரசே மீண்டும் சுமந்துகொண்டது. சிறிது சிறிதாக ஆண்டுதோறும் ஏற்றியிருந்தால் இத்தனை ஊர்வலங்கள் தேவைப்பட்டிரா.

வரி மன்றத்தில் துணி

துணிக்கு வரி விதிப்பதில் அரசுகள் பலமுறை கைசுட்டுக்கொண்டன. 2003ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங் விசைத்தறித் துணியையும் உற்பத்தி வரிச் சங்கிலிக்குள் கொண்டுவந்தார். வரி ஏய்ப்பைத் தடுக்க அது சரியான வழி என்று பொருளியலாளர் கருதினர். நான்கு தறி வைத்திருப்பவரோ கணக்கேடுகளுக்கும் ஆய்வாளருக்கும் அஞ்சினார். தறிகள் நின்றன. 2004இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஜூலையில் புதிய நிதியமைச்சர் ப. சிதம்பரம் பருத்தித் துணிக்கான கட்டாய வரியை நீக்கினார். ஆட்சி மாற்றத்துக்குத் துணிவரியே காரணம் என்று கூற இயலாது. ஆனால் வரி நீக்கத்துக்கு ஆட்சி மாற்றமே காரணம்.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. இதன் விகிதங்களை முடிவு செய்யும் மன்றத்தில் நடுவண் அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கும், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு வாக்கும் உண்டு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை. ஆகவே நடுவண் அரசின் இசைவின்றி எதுவும் நிறைவேறாது. மாநிலங்கள் பலவும் இசையாமலும் எதுவும் நிறைவேறாது. மாநிலத்தின் வரி உரிமை குறையும் என்று தமிழ்நாடு தொடக்கத்தில் எதிர்த்தமைக்கு இதுவே அடிப்படை. 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியபோது அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர்.

செயற்கை இழைக்கு 18 விழுக்காடு, அதன் நூலுக்கு 12, துணிக்கு 5 என வரி அமைந்தது. மேலிருந்து கீழே வரக் குறையும் இந்த ஏணியில் நெய்பவர் வாங்கும்போது மிகுதியாகச் செலுத்தி, விற்கும்போது குறைவாகப் பெற்றார். மிஞ்சிய வரியைத் திரும்பப் பெறும் உரிமை துணி நெய்வோருக்கு 2018 ஆகஸ்டு முதல்தான் கிடைத்தது. சத்திரப்பட்டியின் நிலை வேறு. பருத்தி நூலுக்கும் சாதாரணப் பருத்தித் துணிக்கும் 5 விழுக்காடு. அதே நூல் மருத்துவக் கட்டுத்துணியானால் 12 விழுக்காடு. காயத்துக்குக் கட்டும் துணிக்கு மிகுந்த வரி என்பது எந்த நோக்கத்தாலும் விளைந்ததன்று. மருந்துப் பொருள் என்னும் தலைப்பின்கீழ் அது வகைப்படுத்தப்பட்டதன் விளைவு.

ஏணியைச் சமன்படுத்த, 1000 ரூபாய்க்குட்பட்ட ஆடை உள்ளிட்டவற்றின் வரியை 2022 சனவரி 1 முதல் 12 விழுக்காடாக உயர்த்த மன்றம் முடிவு செய்தது. தளவாய்புரத்து நைட்டி பெரும்பாலும் இவ்விலைக்குள்ளேயே அடங்குவது. நாடெங்கும் வணிகர் எதிர்த்தனர். குசராத்தும் தமிழ்நாடும் மேற்கு வங்கமும் வேறு வேறு கட்சிகளால் ஆளப்பட்டவை. இதில் மட்டும் ஒரே குரலில் பேசின. உத்தரப்பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் நெருங்கிய நேரம் அது. 2021 டிசம்பர் 31 அன்று, நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், மன்றம் கூடித் துணிவரி உயர்வை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இழைக்கும் நூலுக்கும் வரியைக் கீழே இறக்கி 5 விழுக்காடாக்கி ஏணியைச் சமன்செய்தனர். 2500 ரூபாய் வரையிலான ஆடைக்கும் கட்டுத்துணிக்கும் அதே விகிதம். மேலே ஏற்றிச் சமன்செய்ய இயலாததைக் கீழே இறக்கிச் செய்ய முடிந்தது. அதற்கு நான்காண்டுகளும் வரி வருவாயில் ஓர் இழப்பும் தேவைப்பட்டன.

ஒரே தொகுதியில் இரு குரல்கள்

அரசு மக்கள் பக்கம் நிற்க வேண்டும் என்பது எளிய சொல். எந்த மக்கள் என்பதே கடினமான வினா. 2021ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை இறக்குமதிப் பஞ்சுக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வரி விதித்தது. கரிசல் நிலத்தில் பருத்தி விதைக்கும் உழவருக்கு அது ஆறுதல். நூற்பாலைக்கும், நூல் வாங்கும் தறிக்கும் அது சுமை. 2022இல் பஞ்சு விலை உச்சத்தைத் தொட்டபோது அவ்வரி ஏப்ரல் 14 முதல் அக்டோபர் இறுதி வரை விலக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது மீண்டும் விலக்கப்பட்டது. உருசியாவிடம் எண்ணெய் வாங்கியதற்கான தண்டமாக வாசிங்டன் விதித்த வரி, இராசபாளையத்து ஆலை வாங்கும் பஞ்சின் விலையையும் சாத்தூர்க் கரிசலில் பஞ்சு எடுப்பவரின் வருவாயையும் ஒருங்கே தொட்டது. உழவரும் தறிக்காரரும் ஒரே தேர்தலில் வாக்களிப்பவர்கள். அவர்களுள் எவர் குரல் அரசின் செவியில் விழும் என்பது, அந்தந்த ஆண்டில் எவர் அமைப்பாகத் திரண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

கணக்கில் வராத கைகள்

தறிக்காரருக்குச் சங்கம் உண்டு. ஆலைக்குக் கூட்டமைப்பு உண்டு. தறிக்குத் தனி மின்னிணைப்பு எண் உண்டு. அரசு கணக்கெடுக்க அது எளிது. சாத்தூருக்கு அருகில் குமாரலிங்கபுரத்தில் 1052 ஏக்கரில் அமையவிருக்கும் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கும் வரைபடமும் நிதியும் உண்டு. நாட்டில் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஏழு பூங்காக்களுள் இது ஒன்று.

வீட்டிலிருந்து நைட்டிக்குக் கழுத்துப்பட்டி வைத்து, ஓரம் அடித்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்ணுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அவர் பொறி ஓடுவது வீட்டு மின்னிணைப்பில். 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் வழங்கப்படும் 100 யூனிட்டே அவருக்கும் உரியது. அது வீட்டுக்கான சலுகை, தொழிலுக்கானதன்று. நூல் விலை ஏறினால் உற்பத்தியாளர் முதலில் குறைக்க முயல்வது உருப்படிக் கூலியைத்தான். தையல் தொழில், குறைந்தபட்சக் கூலிக்குரிய தொழில்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அக்கூலியைக் கேட்பதற்கு, வேலை கொடுத்தவர் யார் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். துணியைக் கொண்டுவந்து கொடுத்து, தைத்ததை எடுத்துச்செல்லும் இடையாளுக்கும் கடைக்காரருக்கும் நடுவே அப்பொறுப்பு கரைந்துபோகிறது.

வீட்டிலிருந்து உழைப்போர்க்கும் பிற தொழிலாளர்க்கு நிகரான உரிமை வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதில் இன்னும் இணையவில்லை. தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர் நல வாரியம் இயங்குகிறது. அதில் பதிவு செய்துகொண்டவர்க்கு விபத்து உதவி, குழந்தைகளின் கல்வி உதவி, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆவணங்களும் அலைச்சலும் தேவை. அலுவலகம் செல்லும் நாளில் உருப்படி தைக்க இயலாது. தைக்காத நாளுக்குக் கூலியும் இல்லை.